பெரியப்பா மறுத்த குரல்

ஞாயிற்றுக்கிழமை மதியம். அம்மா கோழிக்குழம்பை அப்போதுதான் இறக்கி வைத்திருந்தார். பெரியப்பா சுவரோரம் ஒரு காலை நீட்டி உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். வாசலில் பைக் ஒன்று வந்து நின்றது.

உள்ளே வந்தவர் தெரிந்த வீட்டுக்கு வருகிறவரைப் போலச் செருப்பைக் கழற்றிவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உளவுப் பிரிவு அதிகாரி. சீருடை கிடையாது. இந்தப் பக்கத்துக்காரர்தான். அப்பாவை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

"சாப்பிடுங்க, சாப்பிடுங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுருங்க," என்று சொல்லிப் போனை நாற்காலிக் கையில் வைத்து அமுக்கினார்.

ஓர் ஆணின் குரல். நிதானமானது. ஒவ்வொரு சொல்லையும் இறக்கி வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கும் குரல். இயக்கத்தில் எஞ்சியிருக்கும் தோழர்கள் ஆயுதங்களை வைத்துவிட்டுக் காட்டை விட்டு வெளியே வர வேண்டும் என்றது. காத்திருப்பதற்கு இனி அங்கே எதுவும் இல்லை என்றது. கடைசியில், பேசுகிறவர் யார் என்று ஒரு பெயரைச் சொன்னது.

அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. அப்பா தண்ணீர்ச் செம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா மட்டும் சாப்பிடுவதை நிறுத்தவில்லை.

"என்ன சொல்லுதீக?" என்றார் அதிகாரி.

"எம் பேரு மாதிரி இருக்கு. எங் கொரல் இல்ல," என்றார் பெரியப்பா. "ஏம்மா, இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்து."

அவர் குழம்பு கேட்டதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. உண்மையாகவே தன் குரல் இல்லையென்றால் ஒரு மனிதர் இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்பார். யாருடையது என்று யோசிப்பார்.

சட்டை மாதிரி ஒரு பெயர்

பெரியப்பாவைப் பற்றி இந்தத் தொடரில் இதுவரை எழுதாததற்குக் காரணம், அப்பாவின் சம்மதம் வேண்டியிருந்தது. இப்போது கிடைத்துவிட்டது. இயக்கத்தின் பெயரையும், அதில் அவருக்கு இருந்த பெயரையும் மட்டும் விட்டுவிடுகிறேன்.

அவர் அப்பாவுக்கு ஒரே அண்ணன். தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்த்தவர். கூலி கேட்டு நடந்த ஒரு வேலைநிறுத்தத்தில் போலீஸ் அடி வாங்கினார். தலையில் போட்ட கட்டைப் பிரிக்கும் முன்பே பஸ் ஏறிப் போய்விட்டார். அதன் பிறகு மாநில எல்லைக் காடுகளில் இருபது வருடத்துக்கு மேல். நான் பிறந்தது, படித்தது, வேலைக்குச் சேர்ந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

முதலில் துப்பாக்கி. பிறகு முழங்காலில் ஒரு குண்டு. ஓட முடியாதவருக்கு இயக்கம் பேச்சு வேலை கொடுத்தது. செய்தித் தொடர்பாளர். பத்திரிகைகளுக்கும் தொலைக்காட்சிகளுக்கும் இயக்கத்தின் அறிக்கையைச் சொல்கிறவர். எது நாங்கள் செய்தது, எது நாங்கள் செய்யாதது, எதற்காகச் செய்தோம், எல்லாம் அவர் குரலில்தான் வெளியே வரும்.

அப்படித்தான் அவர் உயிரோடு இருப்பதே அப்பாவுக்குத் தெரிந்தது. செய்தியில் அந்தக் குரல் வந்தால் அப்பா எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவார், டிவியின் சத்தத்தைக் குறைப்பார். சின்ன வயதில் அது எனக்கு வினோதமாக இருக்கும். பட்டாசுக் கம்பெனி ஃபோர்மேன் ஒருவர், வீட்டில் ஒரு மனிதக் குரலுக்குப் பயப்படுவதைப் பார்ப்பது.

பெரியப்பா பிடிபட்டார். பல வருடம் சிறை. நெஞ்சில் கோளாறு வந்ததும் நிபந்தனை ஜாமீன் கிடைத்தது. நிபந்தனைகளில் முக்கியமானவை மூன்று. வாரம் ஒரு முறை ஸ்டேஷனில் கையெழுத்து. கையில் போன் கூடாது. இயக்கத்தின் பெயரில் ஒரு வார்த்தை பேசக் கூடாது. இதற்கெல்லாம் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டவர் அப்பா.

ஃபோர்மேன் என்றால் வெடிமருந்துக்குப் பொறுப்பாளர். எந்த அறையில் எவ்வளவு மருந்து, எத்தனை பேர், யார் எதைத் தொடலாம் என்பதெல்லாம் அவர் சொல்வதுதான். நடத்தையில் ஒரு கறை விழுந்தால் ஃபோர்மேன் சான்றிதழ் போய்விடும். அப்பா வாழ்நாளில் சம்பாதித்தது அது ஒன்றுதான். அந்தக் குரல் பெரியப்பாவுடையது என்றால் அதற்கும் ஆபத்து.

அதிகாரிக்கும் இது தெரியும்.

"அந்தப் பேரை இப்ப யாரு வேணும்னாலும் வச்சுக்கலாம் சார்," என்றார் பெரியப்பா, கையைக் கழுவிவிட்டு வந்து. "எனக்கு முந்தி ஒருத்தன் வச்சிருந்தான். எனக்குப் பெறகு ஒருத்தன். சட்டை மாதிரி. நான் கழட்டிட்டேன்."

"நல்லதைத்தான் சொல்லியிருக்கு, இல்லேங்கல," என்றார் அதிகாரி. "ஆனா நல்லதைச் சொல்லி நாலு பேரை வெளியே கூப்பிட்டு, அந்தச் சந்தடில வேற எதையாவது உள்ள அனுப்புற வேலையாவும் இருக்கலாம்ல?"

"இருக்கலாம்," என்றார் பெரியப்பா, வானிலை பற்றிக் கேட்டதுபோல.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "பாப்பா, நீங்க கம்பெனில சத்தம் அளக்குற வேலைதான? லேபுக்கு அனுப்பியிருக்கு, வர நாளாகும். உங்களுக்கும் அனுப்பி வைக்கேன். கேட்டுப் பாருங்க. செவ்வாக்கெழமை ஸ்டேஷனுக்கு வாங்க. பெரியப்பாவையும் கூட்டிட்டு வாங்க."

என் கருத்து நீதிமன்றத்தில் செல்லாது என்பது அவருக்குத் தெரியாதா? அப்படிக் கேட்கும்போது என் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கத்தான் கேட்டார் என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் அவர்

நான் எதையும் வரிசை போட்டு யோசிக்கிறவள். மின்னணுப் பொறியியல் படித்துவிட்டு, அப்பா இருக்கும் கம்பெனியிலேயே சோதனைப் பிரிவில் சேர்ந்தேன். வெடி வெடிக்கும் இடத்திலிருந்து நான்கு மீட்டர் தள்ளி ஒலி மீட்டரை நிறுத்தி, சத்தம் வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. மீட்டரில் வராததை நம்புவதில்லை.

பெரியப்பா எந்த மீட்டரிலும் வரவில்லை. வந்த முதல் வாரமே என் மனதில் அவரைப் பற்றி ஒரு சந்தேக வரிசை உண்டாகிவிட்டது. எங்கே உட்கார்ந்தாலும் வாசல் தெரியும்படி உட்கார்வார். தபால்காரர் பெயர், பால்காரர் பெயர், எதிர்வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒருநாள் என்னிடம், "உங்க கம்பெனிக்கு அலுமினியப் பவுடர் எங்கருந்து தாயி வருது?" என்று கேட்டார். சும்மாதான் கேட்டார். சும்மா கேட்பவர்கள் பதில் வரும்வரை கண்ணை எடுக்காமல் பார்ப்பதில்லை. அன்றிலிருந்து என் மேசை இழுப்பறையைப் பூட்ட ஆரம்பித்தேன்.

சாயங்காலம் நடக்கப் போவார். டீக்கடையில் ஹெல்மெட்டைக் கழற்றாத ஒரு ஆளிடம் பேசிக்கொண்டிருந்ததை நான் இரண்டு முறை பார்த்தேன். "வழி கேட்டான்," என்றார். அதே ஆள், அதே கடையில், இரண்டு முறை வழி கேட்டிருக்கிறான்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவரால் நடிக்க முடியவில்லை. எங்கள் வீடு வெம்பக்கோட்டை சாலையில், ஊர் முடியும் இடத்தில் இருக்கிறது. மதியம் கம்பெனிகளில் சோதனை வெடி போடுவார்கள். இந்த ஊரில் அதற்கு யாரும் தலை திருப்பமாட்டார்கள். கைக்குழந்தைகூடத் தூக்கம் கலையாது. பெரியப்பாவுக்கு மட்டும் மூச்சு ஒரு கணம் நின்று, நல்ல கால் மடங்கும். கையில் டீ இருந்தால் சிந்தும்.

"நம்ம கம்பெனி வெடிதான் பெரியத்தான், பயப்படாதீக," என்பார் அம்மா. பிறகு என்னிடம் திரும்பி, அவர் காதிலும் விழும்படி, "காட்டையே அலற விட்டவுக, இங்கன லட்சுமி வெடிக்குப் பம்முறாக," என்பார்.

"பயம் இல்லம்மா. காலு என்னையக் கேக்காம மடங்குது," என்பார் பெரியப்பா. அப்போது மட்டும் சிரிப்பார்.

பாலம்

அவரிடம் ஒருமுறை நேராகவே கேட்டிருக்கிறேன். "நீங்க சொன்ன அறிக்கையெல்லாம் உண்மையா?"

அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அம்மா உட்கார்த்தி வைத்த வேலை.

"எனக்குச் சொன்னதை நான் சொன்னேன்," என்றார்.

பிறகு அவராகவே ஒன்றைச் சொன்னார். காட்டோரத்தில் ஒரு சின்னப் பாலம். அதன் மேல் ஒரு வண்டி போகும்போது வெடித்தது. வண்டியில் இருந்தவர்கள் சந்தைக்குப் போன சனங்கள். அதை நாங்கள் செய்யவில்லை என்று அறிக்கை விடச் சொன்னார்கள். அவரும் விட்டார். எங்கள் கைகள் சனங்களைத் தொடாது என்று சொன்னாராம். அந்த வரி அவரே சேர்த்தது. நன்றாக இருந்ததென்று பத்திரிகைகள் பெரிய எழுத்தில் போட்டன.

"ரெண்டு மழை கழிச்சு, வச்சவனே எங்கிட்டச் சொன்னான். பக்கத்துல உக்காந்து கஞ்சி குடிச்சுக்கிட்டே."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"அடுத்த அறிக்கையை வாசிச்சேன்."

வெங்காயத்தால்தான் கண்ணைத் துடைத்தாரா என்று எனக்குத் தெரியாது. இந்த மனிதரிடம் எனக்கு இருந்த பிரச்சினையே அதுதான். பச்சாதாபம் வருகிற மாதிரி அவர் ஏதாவது சொல்லும்போதெல்லாம், இது எத்தனாவது தடவை சொல்வது என்று எனக்குள் ஒரு கேள்வி எழும்.

சேர்ந்து வெடித்த இரண்டு

திங்கட்கிழமை, கம்பெனி ஆபீஸ் கட்டடத்தில் என் கணினியில் அந்தப் பதிவைப் போட்டேன். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, முதலில் குரலைக் கேட்டேன். குரல் எனக்கு உதவவில்லை; டிவியில் வந்தபோதும் அப்பா அதை என்னைச் சரியாகக் கேட்க விட்டதில்லை. வீட்டில் அவர் பேசுவது கரகரப்பான ஊர்ப்பேச்சு. இது வேறு தொண்டையில் வருவதுபோல இருந்தது. செய்தித் தொடர்பாளருக்கென்று ஒரு குரல் வைத்திருந்தார்போல.

பிறகு குரலை விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் இருப்பதைக் கேட்டேன். காற்று. எங்கோ ஒரு கொக்கு. தூரத்தில், திரையில் சின்னச் சின்ன முட்களாக, ஒரு வரிசை வெடிச்சத்தம்.

சீரான இடைவெளியில் போய்க்கொண்டிருந்த வரிசையில், நடுவே இரண்டு மட்டும் ஒட்டிக்கொண்டு வெடித்தன. பிறகு மறுபடி சீராக.

பதிவை அங்கேயே நிறுத்தினேன். வானத்தில் அடுத்தடுத்து வெடிக்கும் பன்னிரண்டு ஷாட் பெட்டி அது. எங்கள் புதுச் சரக்கு. ஒரு இணைப்புத் திரி சரியில்லாமல் நடுவில் இரண்டு ஷாட் சேர்ந்து போய்விட்டது. அந்த லாட்டில் ஒரே ஒரு பெட்டியைத்தான், போன வாரம் ஒரு மதியம், நானே நின்று வெடிக்க வைத்தேன். குறையைப் பார்த்ததும் மீதியை நிறுத்திவிட்டோம். அந்தச் சத்தம் உலகத்தில் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறது. எங்கள் சோதனைத் திடலுக்குப் பின்புறம், வைப்பாற்று அணைக்கரைப் பக்கம் நின்றிருந்தால் இப்படித்தான் கேட்கும்.

மறுபடி ஓட விட்டேன். முதல் ஷாட் வெடிக்கும் இடத்தில் பேசுகிறவரின் மூச்சு ஒரு கணம் பிடித்து நின்றது. பிறகு, விட்ட இடத்திலிருந்து வாக்கியம் தொடர்ந்தது.

சாயங்காலம் பெரியப்பா வாசலில் தனியாக இருந்தபோது சொன்னேன். எந்தச் சரக்கு, எந்த மதியம், எந்த இடம், எங்கே மூச்சு நின்றது.

"நல்லாப் படிச்சிருக்கே," என்றார்.

"போனை வச்சிருந்தது யாரு? ஹெல்மெட்காரனா?"

"அவன் அனுப்ப வேண்டிய நம்பரைக் குடுத்தவன். அம்புட்டுத்தான். மீதியெல்லாம் நான் ஒத்தையாப் பண்ணேன்."

"உங்ககிட்டப் போன் கெடையாதே."

அவர் பதில் சொல்லவில்லை. ஒவ்வொரு நிருபருக்கும் பதில் வைத்திருந்தவர். அவர் வாயை மூடியதும்தான் எனக்கு அது உறைத்தது.

வெடி வெடித்திருக்கிறது. பேசுகிறவர் தடுமாறியிருக்கிறார். அறிக்கை என்பது பிசிறில்லாமல் போக வேண்டியது. போனைப் பிடித்திருந்தவர் வெளியூர்க்காரராக இருந்தால், என்ன சத்தம் அது, நிறுத்துங்கள், முதலிலிருந்து பேசுங்கள் என்று சொல்லியிருப்பார். பன்னிரண்டு ஷாட்டையும் பதிவில் ஓட விட்டிருக்கிறார் என்றால், அவர் அதை ஒரு சத்தமாகவே எடுத்துக்கொள்ளாத ஒருவர். காக்கை கரைவதற்கு யார் ரெக்கார்டிங்கை நிறுத்துவார்கள்? அப்படி. இந்தத் தப்பை எங்கள் ஊர்க்காரர்தான் செய்ய முடியும்.

காலையில் வேலைக்குள் போகுமுன் கம்பெனி கேட்டில் ஒப்படைத்த போனை மதிய இடைவேளையில் வாங்கிக்கொண்டு, டிவிஎஸ்ஸில் அணைக்கரைவரை போய்வரக்கூடிய ஒருவர்.

குழாயடியில்

அப்பா வேலை முடிந்து வந்து கொல்லைக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தார். அலுமினியப் பவுடர் படிந்து முழங்கைவரை வெள்ளி பூசியதுபோல இருந்தது. நான் பக்கத்தில் நின்றேன்.

"அப்பா, அணைக்கரைக்குப் பெரியப்பாவைக் கூட்டிட்டுப் போனது நீங்களா?"

அவர் சோப்பை எடுத்து இன்னொரு தடவை தேய்த்தார்.

"எப்பிடிக் கண்டே?"

சொன்னேன். அவருக்கு வெடிச்சத்தம் கேட்ட நினைவே இல்லை. "அப்பவா வெடிச்சுது?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

"ஏம்ப்பா? கையெழுத்துப் போட்டது நீங்க. உங்க சர்டிபிகேட் போயிருமே."

"போவும்."

"அவர் சொன்னது நெசம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அவர் வேற எதுக்காவது உங்களப் பயன்படுத்தியிருந்தா?"

குழாயை மூடினார். தண்ணீர் நின்றதும் எங்கள் இருவர் குரலும் பெரிதாகக் கேட்டது.

"எனக்குத் தெரியாது தாயி. அங்கன இன்னும் சின்னப் பயலுக கொஞ்சம் பேரு இருக்கானுகளாம். தலைவருக செத்துப் போனதே அவனுகளுக்கு நம்பிக்கையில்ல. இந்தக் கொரலு சொன்னாத்தான் நம்புவானுகன்னு அண்ணன் சொன்னான். நெசமான்னு கேட்டேன். நெசம்னான். அவன் நல்லாப் பேசுவான்னும் எனக்குத் தெரியும்ல?"

"பெறகு?"

"வாழ்க்கை பூரா எவனெவனோ எழுதிக் குடுத்ததைப் பேசுனான். இதை மட்டும் யாரும் எழுதிக் குடுக்கல. பேசுறப்ப மொகத்தைப் பாத்தேன். போனை அமுக்கிட்டேன்." கைகளை வேட்டியில் துடைத்தார். "நாளைக்கு நீ என்ன கேட்டியோ அதைச் சொல்லு. எனக்காக ஒண்ணையும் முழுங்காத."

செவ்வாய்க்கிழமை

அப்பா இப்போது திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் காலண்டர் பிரிவில் வேலை பார்க்கிறார். பெரியப்பாவின் ஜாமீன் ரத்தாகி மறுபடி உள்ளே இருக்கிறார். காட்டிலிருந்து சிலர் வெளியே வந்ததாகச் செய்தி வந்தது. அந்தக் குரலைக் கேட்டு வந்தார்களா, வேறு காரணமா என்று எனக்குத் தெரியாது. பெரியப்பா சொன்னதெல்லாம் உண்மைதானா என்பதும் தெரியாது. தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, ஸ்டேஷனில் அதிகாரியின் மேசைக்கு முன்னால் மூன்று நாற்காலி. நான், பெரியப்பா, அப்பா. நான் பதிவை ஓட விட்டு, இரண்டு ஷாட் சேரும் இடத்தைக் காட்டினேன். எந்தச் சரக்கு, எங்கே, எப்போது என்று சொன்னேன். குரல் யாருடையது என்பதை மீட்டரால் சொல்ல முடியாது என்றும், பேசியவருக்கு இந்த ஊர் வெடிச்சத்தம் பழக்கமில்லை என்றும் சொன்னேன்.

அதிகாரி சிரிக்கவில்லை. "சரி. போனைப் புடிச்சது யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தக் குரல் வந்தது. பதிவில் இருந்த அதே குரல், எனக்கு ஒரு முழத்துக்கு அப்பால்.

"இதற்கு நான் ஒருவனே முழுப் பொறுப்பு. என் தம்பிக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. போனை ஏற்பாடு செய்தது வெளியூரைச் சேர்ந்த ஒரு நபர். அவரைப் பற்றிய விவரங்களை நான் தருகிறேன். என் தம்பி அந்த நேரத்தில்..."

அவ்வளவு சுத்தமாக இருந்தது. உண்மை தெரிந்த எனக்கே ஒரு கணம் அந்த வெளியூர்க்காரர் கண்ணில் தெரிந்தார். அதிகாரி பேனாவைத் திறந்துவிட்டார். எழுதிக்கொண்டு போனால் போதும், அப்பாவின் சான்றிதழ் பிழைத்துக்கொள்ளும்.

"அண்ணே, நிறுத்து," என்றார் அப்பா.

பெரியப்பா நிறுத்தவில்லை. "என் தம்பி அந்த நேரத்தில் கம்பெனிக்குள்..."

"ஏண்ணே, போதும்ங்கேன்ல." அப்பா அவர் முழங்காலில் கை வைத்தார். "எனக்காவும் நீ பேசாத. எனக்கு வாய் இருக்கு."

பெரியப்பாவின் குரல் அறுந்தது.

அப்பா எழுந்து நின்றார். யாரும் நிற்கச் சொல்லவில்லை. "போனை அமுக்குனது நாந்தான் சார். என்ன பேசப்போறான்னு தெரிஞ்சுதான் அமுக்குனேன். அனுப்புனதும் நாந்தான்."

"அண்ணாச்சி," என்றார் அதிகாரி மெதுவாக, "இதை எழுதிட்டேன்னா உங்க வேலை போயிரும். தெரியும்ல?"

"தெரியும் சார். இவன் ஒவ்வொரு தடவை பேசுனப்பவும் நான் வீட்டு ஜன்னலைச் சாத்திக்கிட்டு ஒளிஞ்சேன். இந்த ஒரு தடவைதான் பக்கத்துல நின்னேன். அதை இல்லேன்னு எப்பிடிச் சொல்ல?"

அதிகாரி பெரியப்பாவைப் பார்த்தார். "நீங்க இன்னும் எதுவும் சொல்லணுமா?"

பெரியப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். தலையை மட்டும் ஆட்டினார், இல்லையென்று. அதிகாரி பேனாவை எடுத்து, முதலில் அப்பாவின் பெயரை எழுதினார்.